எறும்பு மொய்த்த எண்ணெய்த் தாள்

எங்கள் ஸ்டோர் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருக்கிறது. உள்ளே ஒரு வெள்ளைத் தாள். தாளின் குறுக்கே பழுப்பு நிறத்தில் ஓர் எண்ணெய்க் கோடு. அந்தக் கோட்டின் மேல் வரிசையாகச் செத்துப்போன எறும்புகள். கீழே பேனாவால் எழுதிய ஒரு வரி, மை மங்கி இப்போது படிக்க முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதை நவீன ஓவியம் என்று நினைத்துத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். மீதிப் பேர் தூசி என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைப்பார்கள்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. போன மாதம், என் நாற்காலிக்கு வந்தவர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "அக்கா, இப்ப எல்லாம் பேட்டரி செயின்சா வந்திருச்சு. ஸ்டோருக்குச் சாயம் அடிக்கிறோம். இந்த எறும்புப் படத்தைத் தூக்கிப் போட்றவா?"

கைப்பேசியில் பதில் தட்ட ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலித்ததே தவிர விஷயம் முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜோர்ஜ் டவுனில் மரம் வெட்டும் குத்தகைக் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கிராணி. கிராணி என்றால் மேசையில் உட்கார்ந்து ரிஜிஸ்தர் எழுதுவாள் என்று என் மாமியார் கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் என் கையில் பேனா இருந்த நேரத்தைவிடப் பல்துலக்கும் பிரஷ் இருந்த நேரம்தான் அதிகம். சொந்தக்காரர்கள், அண்டைவீட்டார் எல்லாரும் தேய்ந்த பிரஷ்ஷைக் குப்பையில் போடாமல் எனக்கென்று எடுத்து வைப்பார்கள். கல்யாண வீட்டில் கூட ஒருத்தி பையைத் திறந்து நீட்டியிருக்கிறாள்.

அதற்கு முன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இரும்புச் சாமான்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவும் பிரிவில் இருந்தேன். அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனதும் நான் பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வந்தேன். இங்கே எனக்குக் கிடைத்த பயிற்சி மூன்று நாள். முதல் நாள் மரம் அறுக்கும் செயின்சாவின் பாகங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் விரலை அறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

மரம் வெட்டுவது என்றதும் எல்லாரும் மேலே ஏறி நிற்கிறவரைத்தான் பார்ப்பார்கள். கீழே, யார் கண்ணிலும் படாமல், எங்களுக்கு ஒரு நிரந்தர எதிரி உண்டு. அதன் பெயர் பிசின். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். ஐந்து மணி ஆனதும் இலையை மூடிக்கொண்டு வேலை முடிந்தது என்று நிற்குமே தூங்குமூஞ்சி மரம், அது நல்ல பிள்ளை, அதிகம் ஒட்டாது. அங்சானா மரத்தை அறுத்தால் சிவப்பாக வடியும். முதல் தடவை பார்த்தபோது யாருக்கோ கை போய்விட்டது என்று நான் அலறிவிட்டேன். மாமரம் சுமார். பலா இருக்கிறதே, அதுதான் எல்லாருக்கும் தாத்தா. அதன் பால் செயினில் பட்டு, மரத்தூளோடு சேர்ந்து, சூட்டில் வெந்து ஒரு பசையாகும். செயினை மூடியிருக்கும் கவரைக் கழற்றினால் உள்ளே கரும்பச்சையாக அப்பியிருக்கும். அரைத்த மிளகாய் விழுது மாதிரி இருப்பதால் அதை நாங்கள் சம்பால் என்போம். சம்பால் சேர்ந்தால் செயின் சூடேறும், இறுகும், பிறகு நின்றுவிடும். சில நேரம் அறுந்தும் போகும். அறுந்த செயின் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் வாரம் ஒரு முறை எல்லாச் செயினுக்கும் குளியல். சுடுநீரில் பாத்திரம் கழுவும் சோப்பும் சோடா உப்பும் கலந்து ஒரு தட்டில் ஊற்றி, செயினைக் கழற்றி அதில் ஊறப் போடுவேன். அவசரப்பட்டால் வேலைக்கு ஆகாது. ஊறிய பிறகு ஒவ்வொரு கண்ணியையும் பிரஷ்ஷால் தேய்ப்பேன், பல்லின் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம். அதற்கும் மசியாத அங்சானாக் கறைக்கு மண்ணெண்ணெய், அதுவும் வெளியில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலில் காய வைத்து, புதுச் செயின் எண்ணெயில் முக்கி ஆணியில் தொங்கவிடுவேன். சொட்டும் எண்ணெய்க்குக் கீழே ஒரு பால்டின். செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின் ஓரப் பள்ளத்தைக் கொக்கியால் சுரண்டுவேன். எண்ணெய் வரும் துவாரத்தைக் கம்பியால் குத்தி விடுவேன். அந்தத் துவாரம் கடுகு அளவுதான். ஆனால் அது அடைத்தால் மற்றதெல்லாம் சும்மா.

இது கழுவுகிற கதை. கழுவ வேண்டியதே வராமல் பார்த்துக்கொள்வது வேறு, அது அறுக்கிறவர் கையில் இருக்கிறது. செயின் கூராக இருக்க வேண்டும், மழுங்கினால் சீவலுக்குப் பதில் மாவுதான் வரும், மாவு பாலோடு சேர்ந்தால் சம்பால்தான். எண்ணெய் தாராளமாக ஓட வேண்டும். ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊற்றும்போதும், பிசின் காயும் முன் செயினை ஒரு தடவை துடைத்துவிட வேண்டும். இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டியிருந்தேன். கடைசி வரியாக, "வேறு எண்ணெய் ஊற்றுகிறவர் ஸ்டோர் பக்கம் வர வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேற்பார்வையாளர் திரு. அருளம்பலம். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், வீட்டில் எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம். இவர் மட்டும் மரத்தடிக்கு வந்துவிட்டார். ஆனாலும் ஆபீஸைக் கூடவே கொண்டுவந்தார். சட்டை கஞ்சி போட்டு மடிப்பாக இருக்கும். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். எல்லாரையும் நீங்கள் என்பார். ஸ்டார்ட் ஆகாத செயின்சாவைக்கூட அவர் ஒருமையில் திட்டிக் கேட்டதில்லை.

அவருடைய கடுதாசி சோதனை பினாங்கில் எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைப்பார். செயின்சாவை ஸ்டார்ட் செய்து, அதன் நுனியைத் தாளுக்கு ஒரு சாண் மேலே பிடித்து வேகமாக ஓடவிட வேண்டும். எண்ணெய் ஒழுங்காக வந்தால் தாளில் மெல்லிய கோடு தெறிக்கும். கோடு இல்லையென்றால் அந்தச் செயின்சா அன்றைக்கு வெளியே போகாது. இதுவரை எல்லாக் கம்பெனியிலும் செய்வதுதான். எங்கள் ஆள் அதற்கு மேலே போவார். அந்தத் தாளை எடுத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, துளையிட்டு, கோப்பில் சேர்ப்பார். அலமாரி நிறைய எண்ணெய்க் கோடுகள். என்ன சார் இது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டேன்.

"பார்க்கிறதுக்கு ஆள் வரும் பிள்ளை," என்றார். யார் வருவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

இனி சேகர். பன்னிரண்டு வருடம் எங்களிடம் கிளை இழுக்கும் வேலை பார்த்தவர். மேலேயிருந்து விழுவதை இழுத்துக் கட்டி லோரியில் ஏற்றுவது. நாற்பது வயதாகிவிட்டது, முதுகு போய்விட்டது. இன்னும் இரண்டு வருடம் இப்படி இழுத்தால் படுத்துவிடுவீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செயின்சாக்காரர் ஆனால் இழுக்க வேண்டாம். அதற்கு அருளம்பலம் கையெழுத்துப் போட வேண்டும். சேகர் சில மாதமாக மூத்தவர்களோடு நின்று செயின்சா பழகி வந்தார். அருளம்பலம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"அடுத்த முறை பலா மரம் வரட்டும் சேகர். அதை நான் நின்று பார்க்கிறேன். பலாவில் தேறினால் எல்லாத்திலும் தேறின மாதிரி."

இதற்கு நடுவில்தான் நான் என் அறிவைக் காட்டினேன்.

பெருநாள் நெருங்கியிருந்தது. செயின் எண்ணெய் கொண்டுவரும் கடைக்காரர் லீவில் போய்விட்டார். ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில் பலா மரம் வெட்ட ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அருளம்பலம் ஆபீஸை விட்டு அங்கே வர முடியாத நாள் என்பதால் அது சேகருக்குச் சோதனை அல்ல, பழக்கம் மட்டும். எண்ணெய் டின்னைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் இல்லை. நான் யோசித்தேன். வீட்டில் பலாப்பழம் அறுக்கும் முன் என்ன செய்கிறோம்? கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவுகிறோம். பால் ஒட்டுவதில்லை. கத்திக்கு ஒரு நியாயம், செயினுக்கு ஒரு நியாயமா? செயின்சா செய்கிற இவ்வளவு பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள் மேல் இரக்கம்கூட வந்தது.

சூலியா தெருப் பக்கம் வடை போடும் என் தோழியிடம் சுட்ட எண்ணெய் ஒரு டின் வாங்கினேன். துணியில் வடிகட்டி, செயின் எண்ணெய் டின்னில் ஊற்றி, யாரிடமும் சொல்லாமல் சேகர் எடுத்துப் போகும் செயின்சாவில் நிரப்பினேன். காலையில் கடுதாசி சோதனை நடந்தது. கோடு அழகாக விழுந்தது. அருளம்பலம் தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு கணம் நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார்.

ஜெலுத்தோங்கில் அன்று பெரிய வெற்றி. செயினில் பால் ஒட்டவே இல்லை. சந்து முழுக்க வடை வாசம். அடுத்த வீட்டுக்காரர் தட்டோடு வெளியே வந்து எங்கே விசேஷம் என்று கேட்டாராம். பூனை ஒன்று சேகரை லோரி வரைக்கும் வழியனுப்ப வந்ததாம். சேகர் வந்து, "அக்கா, இன்னைக்கு மெஷின் பூ மாதிரி போச்சுக்கா. செயினை நல்லா துடைச்சு வச்சிருக்கேன், பாருங்க," என்றார். பார்த்தேன். பளபளவென்று இருந்தது. மறுநாள் வேறு கடையிலிருந்து புது எண்ணெய் வந்து சேர்ந்தபோது, உள்ளே இருப்பதை இறக்கிக் கழுவ எனக்கு மனசு வரவில்லை. என் கண்டுபிடிப்பு அல்லவா, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெருநாள் விடுமுறை, அதன் பிறகு மழை, பத்து நாள் யாரும் வேலைக்குப் போகவில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு அப்போது தெரியாமல் இருந்தது இதுதான். பலகாரம் சுட்ட எண்ணெய் ஓடும்போது நன்றாக ஓடும். நிறுத்தி வைத்தால் உறைந்து, இழுபட்டு, வார்னிஷ் மாதிரி பிடித்துக்கொள்ளும். வடைச் சட்டியின் வெளிப்புறத்தைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நான் எத்தனையோ சட்டி தேய்த்தவள். அப்படியிருந்தும் எனக்குப் புரியவில்லை.

ஆபீஸ் திறந்த மறுநாள் காலை, டத்தோ கிராமாட் பக்கம் ராஜம்மா அக்கா என்பவர் வீட்டில் காற்றில் பலா மரம் சாய்ந்து சமையலறைக் கூரையில் படுத்துவிட்டது என்று அழைப்பு. அருளம்பலம் வீட்டிலிருந்து நேரே அங்கே வருவதாகச் சொன்னார். சேகருக்கு நாள் வந்துவிட்டது. ஆள் குறைவு என்பதால் நானும் லோரியில் ஏறினேன். புறப்படும் முன் சேகர் கேட்டார்.

"அக்கா, பேப்பர் டெஸ்ட் பண்ணிட்டுப் போவோமா?"

"நான் எல்லாம் பார்த்துட்டேன் தம்பி, நேரமாச்சு, ஏறுங்க," என்றேன். பார்க்கவில்லை.

ராஜம்மா அக்கா நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, குடையோடு, மேற்பார்வையாளருக்கே மேற்பார்வையாளர் மாதிரி வாசலில் நின்றிருந்தார். அருளம்பலம் தள்ளி நின்று சின்ன நோட்டைத் திறந்தார். சேகர் மரத்தைச் சுற்றி வந்து, எந்தக் கிளையில் பாரம் இருக்கிறது என்று தட்டிப் பார்த்து, கால் வைக்கும் இடத்தைச் சுத்தம் செய்துகொண்டார். 

ஸ்டார்ட் ஆனது. முதல் கிளையில் பாதி தூரம் போனது. பிறகு சத்தம் மாறியது, மூச்சு வாங்குகிற மாதிரி. புகை வந்தது. சேகர் உடனே விசையை விட்டு, அணைத்து, செயின்சாவைக் கீழே வைத்தார். செயின் தகட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அருளம்பலம் பக்கத்தில் வந்தார். "என்ன நடந்தது?"

சேகர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் கதவில் ஒட்டிய சிவப்பு எழுத்துதான் கண்ணில் நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"போன தடவை வேலை முடிஞ்சு செயினைத் துடைக்காம வச்சிருப்பாங்க சார்."

போன தடவை அதை வைத்தது சேகர். அது அருளம்பலத்துக்கும் தெரியும். சேகர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அருளம்பலம் நோட்டில் ஏதோ எழுதினார். பன்னிரண்டு வருட முதுகு அந்த நோட்டில் போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாற்றுச் செயின் போட்டும் பயனில்லை, எண்ணெய்த் துவாரமே அடைத்திருந்தது. கழுவித்தான் ஆக வேண்டும். ராஜம்மா அக்காவிடம் சுடுநீர் கேட்டேன். முன்பக்கம் கேஸ் அடுப்பை வைத்து ஒரு கெத்தல் நிறையக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். பாத்திர சோப்பு கொடுத்தார், ஆப்பத்துக்கு வைத்திருந்த சோடா கொடுத்தார்.

"பழைய பிரஷ் இருக்குமாக்கா?"

"எங்க வீட்டுக்காரரோடது இருக்கு. எடுத்துக்கோ. அவருக்கு இருக்கிறதே நாலு பல்லு, அதுக்கு எதுக்குப் பிரஷ்?"

வீட்டுக்காரர் அப்போது காப்பிக் கடையில் இருந்தார். அவருக்கு இன்றுவரை இது தெரியாது என்று நினைக்கிறேன்.

வாசலில் குந்தி உட்கார்ந்து செயினை ஊற வைத்தேன். கவரைக் கழற்றிச் சம்பாலைச் சுரண்டினேன். துவாரத்துக்குக் கம்பி இல்லாததால் கொண்டை ஊசியைப் பிடுங்கிக் குத்தினேன். சுடுநீரில் அந்த எண்ணெய் இளகத் தொடங்கியதும் ஆவியோடு ஒரு வாசம் கிளம்பியது. ராஜம்மா அக்கா குடையைத் தாழ்த்தி மூக்கை நீட்டினார்.

"ஏம்மா, இது என்ன மசால் வடை வாசம் வருது?"

சேகர் குனிந்து மோந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஜெலுத்தோங் பூனை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால்கூட நான் ஏதாவது சமாளித்திருப்பேன். அந்த மனுஷன் பேசாமல் நின்றதுதான் என்னைத் தாங்க முடியாமல் செய்துவிட்டது.

"சார்," என்றேன். எழுந்து நிற்கவில்லை, பிரஷ் கையில் இருந்தது. "சேகர் நல்லாத்தான் துடைச்சு வச்சாரு. நான்தான் வடை சுட்ட எண்ணெயை ஊத்தினேன். காலைல பேப்பர் டெஸ்டும் பண்ணல. பண்ணிட்டேன்னு பொய் சொன்னேன்."

அருளம்பலம் நோட்டை மூடினார். "நேற்றே எனக்குத் தெரியும் பிள்ளை. அலமாரியைத் திறந்தால் ஒரு கோட்டில் மட்டும் எறும்பு. இவ்வளவு வருஷத்தில் என்ர கோப்புக்கு எறும்பு வந்ததில்லை." நோட்டைச் சட்டைப் பையில் வைத்தார். "நீங்கள் இறக்கிக் கழுவி வச்சிருப்பீங்கள் என்று நினைச்சன்."

திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

"கழுவி முடியுங்கோ. மரம் அப்படியே கிடக்குது."

முடித்தேன். அலசி, துடைத்து, லோரியில் இருந்த புது எண்ணெயில் முக்கி, எண்ணெய்த் தொட்டியையும் கழுவி நிரப்பினேன். ராஜம்மா அக்கா காலண்டரிலிருந்து போன மாதத் தாளைக் கிழித்துக் கொடுத்தார். பின்பக்கம் வெள்ளை. நான்கு மூலையிலும் நான்கு கரண்டி. சேகர் செயின்சாவைப் பிடித்தார், கோடு தெறித்தது, மெல்லியதாக, நேராக. வாசமில்லாத கோடு. பிறகு அந்த மரத்தைக் கூரையில் இன்னொரு ஓடு உடையாமல் துண்டு துண்டாக இறக்கினார். ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊற்றும்போதும், நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டுச் செயினைத் துடைத்தார்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் அருளம்பலம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார். செயின்சா நின்றபோது அவர் எழுதியது அதில் இருந்தது. "இறுகியதும் விசையை விட்டார். பலவந்தமாக இழுக்கவில்லை. தகுதி."

சேகர் அதை இரண்டு தடவை படித்தார். அதாவது அவர் தேறியது, நான் வாயைத் திறக்கும் முன்பே முடிந்துபோன விஷயம். என் உண்மை அவருக்குத் தேவைப்படவே இல்லை. பிறகு அருளம்பலம் எறும்பு மொய்த்த தாளைக் கோப்பிலிருந்து எடுத்து என் முன் வைத்துப் பேனாவை நீட்டினார்.

"இதில் நான் போட்ட கையெழுத்துப் பிழை. திருத்தி எழுதுங்கோ."

நான் எழுதினேன்: "வடை எண்ணெய். ஊற்றியது கமலா. பழி போட்டதும் கமலா." அதைச் சட்டம் போட்டு மாட்டியது அவரல்ல, நான். கதவில் இருந்த சிவப்பு எழுத்துக்குப் பதிலாக.

சேகர் இதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் பேசவில்லை. அருளம்பலம் ஓய்வு பெற்று, இப்போது அந்த நாற்காலியில் சேகர் உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி செயின்சா விற்க வந்தவர் பராமரிப்பே வேண்டாம் என்றாராம். சேகர் தரையில் தாளை விரித்து, கோடு போடச் சொன்னாராம். பேட்டரியோ பெட்ரோலோ, பலாவுக்குப் பால் குறைந்துவிடவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று எல்லாரும் கைக்கடிகாரம், பாத்திரம் என்று கொடுத்தார்கள். சேகர் கடைசியாக வந்து வெள்ளைத் தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை நீட்டினார். சூடாக இருந்தது. இரண்டு மசால் வடை.

"இவ்வளவு நாள் பேசலையே தம்பி," என்றேன்.

"தாளைப் பாருங்கக்கா."

வடையை எடுத்துவிட்டு விரித்தேன். எண்ணெய் பரவியிருந்தது, ஓரத்தில் தேதியும் அவர் கையெழுத்தும், அதற்கு மேலே ஒரே ஒரு சொல்: "தகுதி."

வடையைத் தின்றுவிட்டேன். ஆகவே தம்பி, ஸ்டோர் சட்டத்தைத் தூக்கிப் போட வேண்டாம். சாயம் காய்ந்ததும் அதே ஆணியில் மாட்டுங்கள். சேகர் கொடுத்த தாள் என் வீட்டில் இருக்கிறது. அதற்கும் எறும்பு வந்துவிட்டது, நான் விரட்டவில்லை.